சனிக்கிழமைத் தடிமன்காரர்

பழைய தொலைக்காட்சிப் பெட்டி சூடேறும்போது ஒரு வாசனை வரும். உள்ளே பல வருடமாகப் படிந்த தூசி மெல்லக் கருகும் வாசனை. அதோடு அடுப்பில் அம்மா தாளிக்கும் செத்தல் மிளகாயின் காரமும் சேர்ந்து மூக்கில் ஏற, அம்மாவும் நானும் மாறி மாறித் தும்மத் தொடங்கினால், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் சனிக்கிழமை மாலை ஐந்து மணியாகிவிட்டது என்று அர்த்தம். சரியாக அதே நேரத்தில் திரையிலும் ஒருவர் தும்முவார். அந்தத் தும்மலோடுதான் நிகழ்ச்சி தொடங்கும்.

அவர் ஓர் ஆங்கிலேயத் துப்பறிவாளர். நான் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தில் எடுத்து முடித்த தொடரை, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஜேர்மன் குரல் கொடுத்து வாராவாரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். தொடரின் பெயர் நீளமானது, எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு எந்நேரமும் மூக்கடைப்பு. யாழ்ப்பாணத்தில் ஜலதோஷத்தைத் 'தடிமன்' என்போம், ஆகவே அவர் எங்களுக்குத் 'தடிமன்காரர்' ஆகிப்போனார். உயரமாக, ஒல்லியாக, தள்ளாமல் ஓடாத ஒரு காரோடு ஊர் ஊராகத் திரிவார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். எல்லாம் விளங்கிவிட்டது என்று அவருக்குப் பட்டதும், கையிலிருக்கும் கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். அதைக் கண்டதும் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார், ஏனென்றால் அடுத்த நிமிடம் கொலைகாரன் அகப்படுவான்.

அந்தப் பெட்டியை அப்பா 'ஸ்பெர்முல்'லில் கண்டெடுத்தார். வேண்டாத பெரிய சாமான்களை ஜேர்மன்காரர் குறிப்பிட்ட நாளில் தெருவோரம் வைத்துவிடுவார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். எங்கள் கதிரை, மேசை, என் எழுதுமேசை எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். பெட்டியில் அலைவரிசை மாற்றும் பொத்தான் இல்லை, குறடால்தான் திருப்ப வேண்டும். நிறமும் கொஞ்சம் பிழை, மனிதர்களின் முகமெல்லாம் பச்சையாகத் தெரியும். தடிமன்காரருக்கு அது பொருத்தமாகவே இருந்தது. சனிக்கிழமைகளில் அப்பா நான்கு மணிக்கே உணவகத்துச் சமையலறைக்குப் போய்விடுவதால், குறடும் தடிமன்காரரும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே சொந்தம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, வீட்டின் மொழிபெயர்ப்பாளரும் நான்தான். நான்கு வயதில் ஜேர்மனிக்கு வந்தவள் என்பதால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாக ஜேர்மன் தண்ணீராக வந்தது. வீட்டில் 'டொச்' என்று நாங்கள் சொல்லும் அந்த மொழி அம்மாவுக்கோ பிடி கொடுக்கவில்லை. வைத்தியரிடம், வெளிநாட்டவர் அலுவலகத்தில், கடையில், எங்கே போனாலும் அம்மாவின் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. ஒவ்வொரு வார்த்தைக்கும் மகளைக் கேட்டுப் பேசும் அம்மா வகுப்பில் வேறு யாருக்கும் இருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் கொலைகளையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அங்கேதான் சிக்கல். பள்ளிக்கூட ஜேர்மனை வைத்துக்கொண்டு உயில், வாரிசுரிமை, ஆயுள் காப்புறுதி என்று அந்தப் பணக்கார ஆங்கிலேயர்கள் பேசியதை எல்லாம் என்னால் பிடிக்க முடியவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல என் பெருமை விடவில்லை. பெரியவர்கள் தொலைபேசியில் ஊர்ச்சண்டைகளைப் பேசும்போது காதில் விழுந்ததை எல்லாம் எடுத்து விட்டேன். பிரபு ஒருவரை மாளிகை நூலகத்தில் கொன்று போட்டிருந்தால், பக்கத்து வளவுக்காரன் வேலியை இரண்டு முழம் தள்ளிப் போட்டதால் வந்த சண்டை என்பேன். சீமாட்டி தேநீரில் விஷம் குடித்துச் செத்தால் அது சீதனப் பிரச்சினை. கிணற்றுப் பங்குக்காக மட்டும் நான் ஏழெட்டு ஆங்கிலேயரைக் கொன்றிருப்பேன். அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அங்கையும் உதே சண்டைதானோ" என்பார்.

இவற்றை விடப் பெரிய பிழை ஒன்றை, கதை கட்டாமல், வெறும் சோம்பலால் செய்தேன். ஜேர்மனில் கொலைகாரனுக்கு 'மோர்டர்' என்று பெயர். தடிமன்காரருக்குக் குரல் கொடுத்தவர் மூக்கடைத்துக்கொண்டு அதைச் சொல்ல, அம்மாவின் காதில் 'மோடர்' என்று விழுந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முட்டாளை 'மோடன்' என்போம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "மோடர் எண்டால் எங்கட மோடன்தானே?" என்று கேட்டார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "ஓம்" என்றேன். இவ்வளவு படித்தவன் இப்படி மோட்டு வேலை பார்த்திருக்கிறானே, அதனால்தான் இந்த மனிதர் அவனை அப்படித் திட்டுகிறார் என்று அம்மா தனக்குத் தானே விளக்கமும் சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "பிள்ளை, மோடன் ஆர்?" என்ற கேள்வி வரும். பிழையாக ஊகித்தவர் அன்றிரவு கோப்பை கழுவ வேண்டும்.

இதற்குள் அம்மாவுக்கும் ஜேர்மன் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டத் தொடங்கியது, ஆனால் அது முழுக்கத் தடிமன்காரரின் ஜேர்மன். அப்பா வேலை முடிந்து பிந்தி வந்தால், நேற்று மாலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அட்சரம் பிசகாமல் கேட்பார். அப்பா கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். காலையில் ஒரு முதியோர் இல்லத்தில் அம்மா துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே கட்டிலுக்குக் கீழே துடைப்பதற்கு முன் ஒவ்வொரு கிழவரிடமும், "ஒரு கேள்வி கேட்க அனுமதிப்பீர்களா?" என்று தடிமன்காரரின் அதே மரியாதையோடு கேட்பாராம். அந்த இல்லத்தில் அவ்வளவு மரியாதையாக யாரும் பேசி அவர்கள் கேட்டதில்லை. அம்மாவின் வாளிச் சத்தம் கேட்டாலே கிழவிமார் தலையைச் சீவிக்கொண்டு காத்திருப்பார்களாம்.

அம்மா ஊரில் தாதிப் பயிற்சியில் ஒரு வருடம் படித்தவர். சண்டையில் ஆஸ்பத்திரியும் போய், படிப்பும் போய், கடைசியில் ஊரும் போயிற்று. வாளியும் தடியுமாகக் கட்டிலைச் சுற்றி வருவதும், கட்டிலில் கிடப்பவரின் கையைத் தொட அனுமதியில்லாமல் இருப்பதும் அம்மாவுக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது, அம்மா அதற்கு விண்ணப்பித்திருந்தார். இல்லத்தின் பொறுப்பாளர் அம்மையாரை அம்மா 'பெரியவ' என்பார். அம்மாவின் ஜேர்மன் போதுமா என்று நேரில் பேசிப் பார்க்க, அவர் புதன்கிழமை மூன்று மணிக்கு 'டெர்மின்', அதாவது சந்திப்பு நேரம், கொடுத்திருந்தார். ஒரு கிழமையாக அம்மா சோற்றுப் பானையோடும் ஜேர்மன் பேசினார். கிடைக்காவிட்டால் இனி ஆயுளுக்கும் துடைப்பம்தான் என்று அப்பாவிடம் சொன்னதையும் கேட்டேன்.

என்னை வீட்டில் தனியே விட ஏலாது என்பதால் அம்மா கூட்டிக்கொண்டு போனார். வாயைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை. நான் மூலையில் ஒரு கதிரையில் இருந்தேன். நான் இல்லாமலே அம்மா பேசுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அம்மா நன்றாகத்தான் பேசினார். பெரியவ தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தார். கடைசியாக, வேலையில் உங்களுக்குத் தவறு நேர்வதுண்டா, நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. இது தெரிந்த பாடம். சில நேரம் நான் மோட்டு வேலை பார்ப்பேன்தான் என்று அடக்கத்தோடு சொல்ல நினைத்து, தெளிவான ஜேர்மனில் சொன்னார்:

"சில நேரங்களில் நான் கொலைகாரி. ஆனால் சின்ன அளவில்தான். உடனே துடைத்துவிடுவேன், ஒருவருக்கும் தெரியாது."

பெரியவ பேனையைக் கீழே வைத்தார். அறுபது முதியவர்கள் இருக்கும் வீடு அது. அம்மா இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு அந்த முகத்தைப் பார்த்து மெல்லச் சிரிப்பை நிறுத்தினார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அம்மாவுக்கு ஜேர்மன் வராது என்று பெரியவ நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் நான் தப்பிவிடலாம், ஆனால் அம்மாவின் வேலை போய்விடும். நான் எழும்பி நின்றேன்.

"பிழை என்னுடையது. நான்தான் மோடன்" என்றேன்.

பிறகு அழுகையும் ஜேர்மனுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் மொழியில் மோடன் என்றால் என்ன, இரண்டும் ஒரே சொல்லா என்று அம்மா கேட்டபோது ஓம் என்று சொன்னது நான், சனிக்கிழமை ஐந்து மணி, குறடு, பச்சை முகம், தும்மல். பெரியவ என்னை இடைமறித்து, எந்தத் தும்மல் என்று கேட்டார். நான் தும்மிக் காட்டினேன்.

அவர் சிரிக்கத் தொடங்கியதை இன்றைக்கும் என்னால் கேட்க முடியும். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மேசை லாச்சியைத் திறந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிக நிதானமாக அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அம்மா என் கையை எட்டிப் பிடித்து நெரித்தார்.

"வழக்கு முடிந்தது" என்றார் பெரியவ. "ஒன்றாம் தேதி வேலைக்கு வாருங்கள். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் இங்கே தாழ்வாரத்தில் சொல்லிவிடாதீர்கள்."

டிராமில் இரண்டு தரிப்பிடம் வரை அம்மா அந்தச் சொல்லையே தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவதில், மோர்டர் என்றால் உண்மையில் என்னவென்று கேட்டார். சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் டிராமே திரும்பிப் பார்த்தது. சிரித்து ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பி, "வேறை என்னவெல்லாம் பிழையாச் சொன்னனி?" என்றார். ஒண்டுமில்லை என்றேன். வேலிகளும் கிணறுகளும் என்னோடேயே இருந்துவிட்டன.

அம்மா அந்த இல்லத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, எத்தனையோ பேரின் கையைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். பெரியவ கதையை எல்லோரிடமும் சொல்லிவிட்டதால், மருந்துக் கோப்பையைத் தவறவிட்டால் ஜேர்மன் தாதிமார் நெற்றியில் அடித்துக்கொண்டு 'மோடன்' என்று தங்களைத் தாங்களே திட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கே கடைசி வரை இருந்தது.

இப்போது அந்த இல்லம் இல்லை. அந்த இடத்தில் ஒரு பல்பொருள் அங்காடியின் கார் தரிப்பிடம் இருக்கிறது. பெரியவ இல்லை. பெட்டியை நாங்களே ஒரு ஸ்பெர்முல் நாளில் தெருவில் வைத்தோம், குறடை மட்டும் அப்பா எடுத்து வைத்துக்கொண்டார். போன மாரியில் அந்தத் தொடர் இணையத்தில் அகப்பட்டது, ஆனால் ஆங்கிலத்தில் மட்டும்தான். தடிமன்காரரின் முகம் பச்சையாக இல்லை, சாதாரண மனித முகம். குரலோ கீச்சென்று வேறு யாருடையதோ. எங்களுடைய அந்த அடைத்த மூக்குக் குரல் யாருடையது என்றுகூட எனக்குத் தெரியாது; தேடியும் கிடைக்கவில்லை.

அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிரபுவைக் கொன்றது அவருடைய மனைவி, காரணம் உயில். இதே கதையை முப்பது வருடத்துக்கு முன் நான் எப்படிச் சொன்னேன் என்று நினைவு வந்ததும் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அம்மா, அந்த வேலிச் சண்டை, சீதனம் எல்லாம் நான் கட்டின கதை என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்" என்றார் அம்மா. "நீ பக்கத்து வளவுக்காரன் எண்டு சொல்லுவாய், அங்கை விலங்கு போட்டுக் கொண்டுபோறது மனுசியை. எனக்குக் கண் தெரியாதோ? அந்த மோடன் ஒண்டைத்தான் நம்பினனான்."

"அப்ப ஏன் அம்மா கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்?"

திரையில் கார் ஓடாமல் நின்றது, இரண்டு பேர் தள்ளினார்கள்.

"கிழமை முழுக்க உனக்குப் பள்ளிக்கூடத்திலை டொச். வீட்டை வந்தாலும் டொச். நான் தமிழிலை கேட்டால் நீ ஒரு சொல்லிலை மறுமொழி சொல்லிப்போட்டுப் போயிடுவாய். அந்த ஒரு மணித்தியாலம்தான் நீ மூச்சு விடாமல் தமிழ் கதைச்சனி."

இப்படி ஒரு கட்டுரையைத் தமிழில் எழுத என்னால் எப்படி முடிகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வந்தது, அதைவிடச் சந்தோஷம் கூடுதலாக வந்தது. இதற்குள் அடுத்த கதை தொடங்கி, தடிமன்காரர் தும்மினார். மாளிகைப் படிக்கட்டின் கீழே ஒருவர் விழுந்து கிடந்தார்.

"சொல்லு பிள்ளை," என்றார் அம்மா, "மோடன் ஆர்?"

நான் ஒலியைக் குறைத்துவிட்டு, அந்த மனிதருக்கும் அவருடைய மச்சானுக்கும் நெடுநாளாக ஒரு கிணற்றில் பங்கு இருந்தது என்று தொடங்கினேன்.