சாவிக்காரருக்கு மச்சான் சொன்ன ஆட்டம்

சாவிக்காரரின் கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அகலம். சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவிகள், நடுவில் ஒரு மேஜை, மேஜை மேல் சாவி வெட்டும் மெஷின். முப்பத்தொரு வருஷமாக அங்கே உட்கார்ந்து, சாவியைத் தொலைத்துவிட்டு முகம் வெளிறி ஓடி வந்தவர்கள் எத்தனையோ பேரை அவர் வீடு சேர்த்திருக்கிறார்.

ஐம்பத்தாறாவது வயதில் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். இரண்டே வருஷத்தில் வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும்தான் மிச்சம். கடையை மூடிவிடுவார் என்று தெருவே நினைத்தது. மனுஷன் ஒரு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தார். பிறகு ஒருநாள் காலையில் குளித்துவிட்டு, குச்சியைத் தட்டிக்கொண்டு போய் ஷட்டரைத் தூக்கினார். பழைய சாவியின் பல்லை நகத்தால் ஒரு தடவை வருடினால் போதும், அதற்குப் பொருத்தமான சாவி எந்த வரிசையில் தொங்குகிறதோ அங்கே கை தானாகப் போகும். கார் சாவி வேலையை மட்டும் விட்டுவிட்டார். மற்றதெல்லாம் முன்பு போலவே நடந்தது.

விட முடியாமல் தவித்தது ஃபுட்பாலைத்தான்.

அவர்களுடைய ஊர் கிளப் ஒன்றும் பெரிய கிளப் இல்லை. இரண்டாம் டிவிஷனில் பதினாறு டீம்களில் ஒன்று. கடைசி இரண்டு இடத்தில் முடிந்தால் கீழே இறங்கிவிட வேண்டும். அந்தப் பயத்திலேயே வருஷம் ஓடும். ஆனால் அவருக்கும் அவர் மனைவியின் தம்பிக்கும் மேற்கு கேலரியில், பதினொன்றாம் வரிசையில் இரண்டு சீசன் டிக்கெட். பதினெட்டு வருஷமாக அதே இரண்டு நாற்காலி. மச்சான் பஸ் டிரைவர். எந்த டூட்டியானாலும் சனிக்கிழமை மதியத்தை மட்டும் யாரோடாவது மாற்றிக்கொண்டுவிடுவார்.

பார்வை போன பிறகு நடந்த முதல் ஆட்டத்துக்கு மச்சான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றரை மணி நேரம் சாவிக்காரர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆயிரம் பேர் எழுந்தபோது எதற்கு எழுந்தார்கள் என்று தெரியாது, உட்கார்ந்தபோதும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், அந்த டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றார்.

அடுத்த ஆட்டத்தன்று மச்சான் வாசலில் வந்து நின்றார். “கிளம்புங்க அத்தான். நான் சொல்றேன், நீங்க கேளுங்க.”

அன்றிலிருந்து ஆட்டம் அவர் காதுக்குள் நடந்தது. மச்சானுக்கு இயல்பிலேயே வாய் சும்மா இருக்காது. வலது பக்கத்தில் ஓடும் பதினொன்றாம் நம்பர் இளம் ஆட்டக்காரனுக்குக் ‘காத்து’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் பந்தை எடுத்தால் மச்சானின் குரல் ஏறும், மூச்சு வாங்கும், கை அத்தானின் தொடையில் தாளம் போடும். கோல் அடிக்க வேண்டிய உயரமான ஆளுக்கு ‘நெட்டை’ என்று பெயர்; அவன் உதைத்த பந்து போஸ்ட்டில் உரசிப் போகும், கம்பியில் பட்டுத் தெறிக்கும், எதிர் கோல்கீப்பரின் விரல் நுனியில் தப்பும். முன் வரிசைக்காரர் ஒருவர் அடிக்கடி திரும்பிப் பார்த்துச் சிரிப்பது சாவிக்காரருக்குக் கேட்கும். சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று இவரும் சேர்ந்து சிரிப்பார்.

திங்கட்கிழமை காலையில் சாவிக்கடையில்தான் கச்சேரி. பக்கத்து மருந்துக்கடைக்காரர் தன் கடையைத் திறப்பதற்கு முன் வந்துவிடுவார். தபால்காரம்மா பையோடு வந்து வாசலில் நிற்பார். தெருவில் ஃபுட்பாலை உண்மையிலேயே புரிந்துவைத்திருப்பவர் அந்த அம்மாதான் என்பது மற்ற இருவருக்கும் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்கள். இடது பக்கத் தடுப்பு ஓட்டைப் பானை மாதிரி ஒழுகுகிறது, கார்னர் வந்தால் கோல்கீப்பர் அரை நொடி தாமதமாக வெளியே வருகிறான், நெட்டை ஏழு ஆட்டமாகக் கோல் அடிக்கவில்லை என்று அவர் அடுக்குவார். மருந்துக்கடைக்காரர் எப்போதும் நம்பிக்கையில்லாதவர். இந்த வருஷம் இறங்குவது நிச்சயம் என்று செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார். சாவிக்காரர்தான் ஆறாவது இடம் வரும் என்று பிடிவாதம் பிடிப்பார். இவ்வளவு நன்றாக ஆடுகிறவர்களுக்கு ஒருநாள் கோல் விழாமலா போகும் என்பது அவர் கட்சி.

பத்து ஆட்டம் பாக்கி இருக்கும்போது, ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்த ஒரு ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. டீம் அப்போது பதின்மூன்றாவது இடத்தில் இருந்தது. சாவிக்காரர் ஒரு பூட்டைப் பிரித்து, சுருள் கம்பிகளைத் தட்டில் வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“காத்து ஒருத்தன்தான் நம்மளைக் காப்பாத்தறான். நடுவுல நிக்கற ஆமையை வித்துட்டு வேற ஆளை எடுக்கணும். இந்த சீசன் பூரா அவன் என்னதான் செஞ்சான்?”

ஆமை என்பது எட்டாம் நம்பர். முப்பத்துமூன்று வயது, ஓட்டம் குறைவு, அதனால் அந்தப் பெயர்.

“என்னங்க இப்படிச் சொல்றீங்க?” என்றார் மருந்துக்கடைக்காரர். “சனிக்கிழமை காத்துக்கு அந்தப் பந்தை வச்சதே ஆமைதானே. ரெண்டு பேருக்கு நடுவுல ஊசியில நூல் கோக்கற மாதிரி அனுப்பினான். காத்து காலை நீட்டினான், அவ்வளவுதான்.”

அதற்கு முன்னால் கோல் கோட்டில் நின்று ஒரு பந்தைத் தலையால் தள்ளியதும் ஆமைதான் என்றார் தபால்காரம்மா.

சாவிக்காரர் விடவில்லை. நெட்டை இரண்டு தடவை போஸ்ட்டில் அடித்தானே, அது உள்ளே போயிருந்தால் இந்தப் பேச்சே இருக்காதே என்றார்.

தபால்காரம்மாவின் பை வார் மட்டும் கிறீச்சென்றது. பிறகு மருந்துக்கடைக்காரர், “ஆமாமா, மேற்குப் பக்கத்துலேர்ந்து பார்த்தா அப்படித்தான் தெரியும். நாங்க எதிர்ப்பக்கம் இருந்தோம்” என்றார். தபால்காரம்மாவும் அவசரமாக ஆமாம் போட்டார்.

மருந்துக்கடைக்காரரின் அந்தக் குரல் சாவிக்காரருக்குத் தெரியும். பெரிய வியாதிக்காரர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது அப்படித்தான் பேசுவார். அவர்கள் போன பிறகு பூட்டின் சுருள் ஒன்று விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதைத் தேடக் குனியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எட்டு மாதமாகத் தன் அபிப்பிராயம் என்று தான் அடித்துப் பேசியதெல்லாம் வேறொருவர் சமைத்துப் போட்டது என்ற நினைப்புதான் அவரைக் குடைந்தது.

மச்சானிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவுக்கு ஒரு தடவை ஆட்டம் பார்க்க ஆசையாம், இந்த வாரம் உன் டிக்கெட்டைக் கொடு என்று மட்டும் சொன்னார். அக்காவுக்கு அப்படி ஒரு ஆசை இருப்பது அக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறவர். இருபத்திரண்டு பேரை வேலை வாங்குகிறவர். ஃபுட்பாலில் எந்தப் பக்கம் உதைத்தால் கோல் என்பதே பத்து நிமிஷம் கழித்துத்தான் அவருக்குப் பிடிபட்டது. பார்ப்பதை அப்படியே சொல்லு, போதும் என்று கணவர் கேட்டுக்கொண்டார்.

“உயரமா ஒருத்தன் முன்னாடி நிக்கறான். கால் மணி நேரமா இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கறான். பதினொண்ணாம் நம்பர் ஓடறான், ரொம்ப அழகா ஓடறான். ஆனா பந்தை விட்டுட்டு ஓடறான்.”

பிறகு மனைவியே ஆரம்பித்தார். “ஏங்க, மொட்டைத்தலையா ஒருத்தன் இருக்கானே, எட்டாம் நம்பர். அவன் யாரு?”

“ஏன்?”

“அவன் ஓடவே மாட்டேங்கறான், ஆனா பந்து வர்ற இடத்துல முன்னாடியே போய் நிக்கறான். யாரு மாட்டிக்கிட்டாலும் இவனைத்தான் தேடறாங்க. இவன் வாங்கி, பக்கத்துல இருக்கறவனுக்குக் கொடுத்துட்டு, அந்தப் பதினொண்ணாம் நம்பர் பையனுக்கு எங்க போகணும்னு கையைக் காட்டறான். என் கிச்சன்ல இப்படி ஒருத்தன் இருந்தா நான் நிம்மதியா லீவு போடுவேன்.”

அன்றைக்கு இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். எதிர் போஸ்ட்டை நெட்டை தொடக்கூட இல்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் சாவிக்காரருக்கு இரண்டு நினைப்பு. நம் டீம் இவ்வளவு மோசமா என்ற துக்கம் ஒரு பக்கம். இத்தனை நாள் மச்சான் எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இறங்கும் இடம் வருவதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னவென்று கேட்ட மனைவிக்கு அப்புறம் சொல்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் சாப்பிட வந்தார். அக்காவுக்கு ஆட்டம் பிடித்திருந்ததா என்று விசாரித்தார். சாவிக்காரர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“மச்சான், நெட்டை இந்த சீசன்ல எத்தனை தடவை போஸ்ட்ல அடிச்சிருப்பான்?”

“ஒரு எட்டு தடவை இருக்கும் அத்தான்.”

“நிஜமா?”

மச்சான் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார்.

“ஒரு தடவைகூட இல்ல அத்தான்.”

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. முதல் ஆட்டம் முடிந்து வந்து டிக்கெட்டைக் கொடுத்துவிடச் சொன்னதை அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார். இருக்கிறதை இருக்கிறபடி சொன்னால் அத்தான் திரும்ப வீட்டுக்குள் போய் முடங்கிக்கொள்வாரோ என்று மச்சானுக்குப் பயம். ஒரு பந்தைக் கொஞ்சம் பக்கமாக நகர்த்தினார். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்ததை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. முன் வரிசைக்காரர் ஒருநாள் கிண்டலாக ஏதோ கேட்கப்போக, இடைவேளையில் அவரை ஓரமாகக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார்.

“சரி, ஆமையை ஏன் விட்டே?”

“அவன் வாங்கறான், பக்கத்துல கொடுக்கறான். திரும்ப வாங்கறான், திரும்பக் கொடுக்கறான். அதை எப்படி அத்தான் கத்திச் சொல்றது?”

சாவிக்காரர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

“ரோடு குண்டும் குழியுமா இருந்தா, நல்ல ரோடுன்னு பஸ்ல இருக்கறவங்ககிட்ட சொல்லுவியா?”

“சொன்னா மட்டும் நம்புவாங்களா? குலுங்குமே.”

“எனக்கும் குலுங்கட்டும். வெளியே போனதை வெளியேன்னு சொல்லு. கடையில நான் பேசறது என் பேச்சா இருக்கணும் மச்சான். தப்பாப் பேசினாலும் நானே தப்பாப் பேசினதா இருக்கணும்.”

மச்சான் தலையாட்டினார். ஆட்டியது தெரியாதே என்று நினைவு வந்து, “சரி அத்தான்” என்றார். அக்கா சோற்றைப் போட்டு, முதலில் சாப்பிடு, அழுவதை அப்புறம் வைத்துக்கொள் என்றார்.

அடுத்த சனிக்கிழமை மச்சான் சொன்ன ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. “வெளியே அத்தான். ரொம்ப வெளியே. பந்து பொறுக்கற பையனே திட்டறான்.” ஆமையின் பக்கம் பந்து போகும்போது குரலைத் தாழ்த்தி, “வாங்கினான். கொடுத்தான். கையைக் காட்டினான்” என்பார். அந்தச் சின்னச் சின்ன வார்த்தைகளை வைத்துக்கொண்டு சாவிக்காரர் மைதானத்தைத் தன் மனதில் அடுக்க ஆரம்பித்தார். பூட்டுக்குள் பார்க்காமலே சுருள் எங்கே, ஊசி எங்கே என்று தெரிவது போல, பத்து நிமிஷத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. “இடது பக்கம் காலியா இருக்கணுமே” என்றார் ஒரு தடவை. மச்சான் எழுந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். அந்த ஓட்டை வழியாகத்தான் இரண்டாவது கோலை வாங்கினார்கள்.

திங்கட்கிழமை அவர் அதைச் சொன்னபோது தபால்காரம்மா பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வாதாட ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர் கடை திறக்க நேரமானதை மறந்து நின்றார். இரண்டு வாரம் முன்பு ஆமையை விற்கச் சொன்னவர் இவர்தானே என்று இருவரும் மடக்கினார்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சாவிக்காரர் சொன்னார். அந்தக் கடையில் முப்பத்தொரு வருஷத்தில் யாரும் சொல்லாத வாக்கியம் அது.

கடைசி ஆட்டம் டிரா ஆனால் போதும், தப்பித்துவிடலாம் என்ற நிலை. மனைவியும் வருகிறேன் என்று அன்றைக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர் பெரிய மனது பண்ணி இடம் மாறி உட்கார்ந்தார். ஒரு காதில் தம்பி, மறு காதில் அக்கா. அது ஃபவுலா, தானாக விழுந்தானா என்று இருவரும் அவர் தலைக்கு மேலாகச் சண்டை போட்டார்கள். இரண்டு பேர் சொல்வதையும் கேட்டு, நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். கோலே விழாத, உயிரை வாங்குகிற ஆட்டம். எண்பதாவது நிமிஷத்தில் ஆமைக்குத் தொடை பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார்கள். கூட்டத்தில் கைதட்டல் கிளம்பியது. யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கத் தட்டினார்.

ஒரு புள்ளியில் தப்பினார்கள்.

ஆனால் கிளப் ஆமையின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். செய்தி வந்த காலையில் மருந்துக்கடைக்காரர் கோபத்தில் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவரலாம் என்று தபால்காரம்மா மூன்று பெயர்கள் வைத்திருந்தார். மூன்றில் இரண்டைச் சாவிக்காரர் வேண்டாம் என்றார், காரணத்தோடு. பூட்டோடு வாசலில் காத்திருந்த ஒருவர், எனக்கு ஃபுட்பால் தெரியாது, கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றார். ஐந்து நிமிஷம் பொறுங்கள், இது முடியட்டும் என்றார் சாவிக்காரர்.