காலரா ஊசியும் கத்திரிப்பூக் கிணறும்

ஊசி குத்திவிட்டு நன்றி வாங்கியவர் யாராவது இருந்தால் அவரை எனக்கு ஒரு தடவை காட்டுங்கள். சுகாதார இலாகாவில் என்னைப்போல் மாட்டிக்கொண்ட சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல வருஷங்களாக எங்கள் வட்டாரத்தில் காலரா தலைகாட்டவில்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சுகமாக இருந்தோம். ஒரு கோடையில் அது திரும்பி வந்தது. ஊசிப் பெட்டியைக் கையில் கொடுத்துத் தெருத் தெருவாகப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கத்திரிப்பூத் தீர்த்தம்

மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீடு. கிணற்றில் மருந்து போட வேண்டும் என்றதும் வக்கீலின் மனைவி வழிமறித்தார். "அதெல்லாம் ஓட்டல்ல சாப்பிடறவாளுக்கு வரது. எங்காத்துக்கு வராது" என்றார். கடைசியில் வக்கீலே வந்து சமாதானம் செய்து என்னை உள்ளே விட்டார். மருந்தைக் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் கத்திரிப்பூ நிறமாயிற்று. சீக்கிரம் தெளிந்துவிடும் என்றேன். அந்த அம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்குப் பொண்ணு பார்க்க வரா. இந்தக் கலர்ல தீர்த்தம் கொடுத்தா, இந்தாத்துல எல்லாமே சாயம் போறதுன்னு நெனச்சுக்க மாட்டாளா?"

காய்ச்சல் வராத குமாஸ்தா

மாம்பலத்தில் அப்போதுதான் மனை பிரித்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஊசிக்கு ஆளே சேரவில்லை. "குத்திக்கொண்டால் ஒரு நாள் காய்ச்சல் அடிக்கலாம், ஆபீசில் லீவு கேட்கலாம்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். மறுநாள் குமாஸ்தாக்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் நல்லபடியாகக் காய்ச்சலில் படுத்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் சாயங்காலம் என்னைத் தேடிப் பிடித்து நியாயம் கேட்டார்.

"என்ன ஸார், கலப்பட மருந்தா? காலையிலிருந்து பார்க்கிறேன், உடம்பு ஜில்லென்று இருக்கிறது."

அஞ்சலையின் வரிசை

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மீனவர் குப்பம். மீன் விற்கும் அஞ்சலையின் பேச்சைத்தான் அங்கே எல்லோரும் கேட்பார்கள். "இன்னா நைனா, நல்லா கீற உடம்புல எதுக்கு ஓட்டை போடறே?" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அந்த வாரமே அவள் புருஷன் பாயில் சுருண்டு கிடந்தான். கண் குழிவிழுந்து, குரல் வெறும் காற்றாய் வந்தது. காலராவை நேரில் பார்ப்பது எனக்கும் அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூப்பிட்ட ஜட்காக்காரன் அவனை வண்டியில் ஏற்ற மறுத்தான். அஞ்சலை குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "நீ ஓட்டலேன்னா நான் ஓட்டுவேன்" என்றாள். அவனே ஓட்டினான். ஆஸ்பத்திரியில் கைநரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். அவள் கண்ணாடிக் குடுவையையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். பொழுது சாயும் நேரத்தில் அவன் கண் திறந்து மீன் குழம்பு கேட்டான். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

மறுநாள் போனால் குப்பமே வரிசையில் நிற்கிறது. முதல் ஆளாக அஞ்சலை கையை நீட்டினாள்.

"அங்க அவருக்குக் குத்துனாங்களே, அந்த ஊசியைப் பார்த்துட்டு வந்துகீறேன் நைனா. உன்னுது கொசு. போடு."

நோய் அடங்கி நாங்கள் மறுபடியும் பால் பார்க்கப் போனோம். அந்தக் கோடை முழுவதும் காலராவை ஒருவரும் திட்டிக் கேட்டதில்லை, திட்டெல்லாம் எனக்குத்தான் வந்து சேர்ந்தது.