சேறு அடைக்காத சைக்கிள்

பிள்ளைகளா, என் முதல் பந்தய சைக்கிளை நான் அருவருப்பால்தான் தேர்ந்தெடுத்தேன்.

தேவனாம்பட்டினத்தில் காணும் பொங்கலன்று சைக்கிள் பந்தயம் நடக்கும். பாதி தார்ரோடு, பாதி மணல், நடுவில் மீன் கழுவிய தண்ணீர் தேங்கும் ஓடை. முதல் வருஷம் இரவல் சைக்கிளில் போனேன். ஓடையைத் தாண்டுவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கருப்புச் சேறு அடைத்து, சக்கரம் நின்றுவிட்டது. விரலை விட்டு வழித்தேன். செதிலும் குடலுமாக வந்தது. சோப்பு, சீயக்காய், எலுமிச்சை எதற்கும் அந்த நாற்றம் போகவில்லை. மதியம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோனதும் குமட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஸ்பிரிங் வைத்த, பளபளப்பான சைக்கிளைக் காட்டினார். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. தோளில் தூக்கிப் பார்த்தேன். ஒரே கனம்.

“ஓட்டறதுக்கு வாங்குறீங்களா மாமா, சுமக்கறதுக்கா?” என்று சிரித்தார்.

“ரெண்டுக்கும்தான். சேத்துல தூக்கிக்கினு ஓடணும்.”

மூலையில் தூசியோடு நின்ற ஒல்லி சைக்கிளில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன்.

“மொட்டையடிச்சிட்டீங்களே! எங்க வாங்குனதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார் கடைக்காரர்.

பந்தயத்தில் ஓடை வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுத் தாண்டினேன். கரையில் டயரில் ஒட்டிய சேறு சுற்றச் சுற்றத் தெறித்துப் போனது. வந்தது கடைசிக்கு முந்தின இடம். போகட்டும். அன்று மதியம் கறிக்குழம்புச் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். கால் மட்டும் நாறியது. அதை உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டேன்.