சீனியின் நான்கு உள்ளங்கால்கள்

சாமி கும்பிடும்போதுகூட அரைக்கண் திறந்து வைத்திருப்பவர் என் மாமா. அப்படிப்பட்டவர் முழுசாக நம்பியது நீலகிரித் தைலம் ஒன்றைத்தான். சளி, தலைவலி, மூட்டுவலி, அட்டைக்கடி, பஸ்ஸில் குமட்டல், பரீட்சை பயம் எதுவானாலும் அவருடைய சட்டைப் பையிலிருந்து அந்தக் குட்டிப் புட்டி வெளியே வந்துவிடும். "ரெண்டு சொட்டு போட்டுப் பாரு கண்ணு, பொறவு சொல்லு" என்பார். பொறவு என்ன சொல்வது, கண்ணெல்லாம் எரிந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்.

அவர் சொல்வதற்கு ஒரு நியாயமும் இருந்தது. தைலம் காய்ச்சுவதுதான் அவருடைய தொழில். குன்னூருக்கு மேலே தேயிலை முடிந்து கற்பூர மரங்கள் தொடங்கும் சரிவில் அவருடைய கொட்டகை இருந்தது. அந்த யூகலிப்டஸ் இலையைப் பெரிய பாத்திரத்தில் அமுக்கி நிரப்பி, அடியில் நெருப்பு மூட்டி, ஆவியைக் குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் கொண்டுபோனால் மறுமுனையில் தைலமாகச் சொட்டும். டவுன் கடைகளுக்கு அங்கிருந்துதான் கேன் கேனாகப் போகும். சுற்று வட்டாரத்தில் யாருக்கு மூக்கு ஒழுகினாலும் மாமாவைத் தேடி வருவார்கள். அவரும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நாக்கை நீட்டச் சொல்லுவார். நாக்கைப் பார்த்து என்ன கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த வைத்தியத்துக்கு மசியாத ஒரே ஆள் அத்தை. "இருவது வருசமா இதையே மோந்து மோந்து உங்களுக்கு மூக்கே செத்துப் போச்சுங்க. பால் அடிப்பிடிச்சாக்கூடத் தெரியறதில்ல" என்பாள். உண்மைதான். ஒருமுறை அடுப்பில் பருப்பு கருகி வீடெல்லாம் புகையாக நின்றபோது மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாமாவின் செத்த மூக்கைச் சொல்லிக் குடும்பமே சிரிக்கும்.

அத்தைக்கும் மாமாவுக்கும் குழந்தை இல்லை. சீனி இருந்தது. வெள்ளை வெளேரென்று, வாலில் மட்டும் சாம்பல் வளையம் போட்ட பூனை. அத்தை தட்டில் கை வைப்பதற்கு முன் அதன் தட்டில் மீன் விழுந்திருக்கும். அத்தை எங்கே போனாலும் அதுவும் பின்னாலேயே போகும். குழாயடிக்குப் போனால் குழாயடி, விறகுக் கொட்டாய்க்குப் போனால் விறகுக் கொட்டாய். என்னைக் கண்டால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதன் வாலில் நான் ரிப்பன் கட்டியதை அது மறக்கவில்லை.

அப்பா, அம்மா இருவருக்கும் எஸ்டேட்டில் வேலை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னை மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மூன்றாம் வகுப்பு அரையாண்டு லீவில் அப்படி வந்திருந்தபோதுதான் அத்தை தன் தங்கை மகளின் பூப்புச் சீருக்காகக் கூடலூருக்குக் கிளம்பினாள். மூன்று நாள். புறப்படும்போது மாமாவிடம் சாவியைக் கொடுத்தாள். என்னிடம் சீனியைக் கொடுத்தாள். "பாப்பா, நீதான் பாத்துக்கோணும். உங்க மாமனை நம்பி விட்டுட்டுப் போகலை, உன்னை நம்பித்தான் போறேன்" என்று என் தாடையைப் பிடித்துச் சொன்னாள். எட்டு வயதில் இதற்குமேல் ஒரு பதவி கிடைக்குமா? தலை கால் புரியவில்லை எனக்கு.

மறுநாள் காலையில் சீனி தும்மியது. ஒரு தும்மல் இல்லை, வரிசையாக ஏழெட்டு. கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. மார்கழி மாதம், வாசல் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்தது. மாமா வந்து பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பழந்துணி ஒன்றில் இரண்டு சொட்டுத் தைலம் விட்டு, சீனியின் கூடைக்கு ஓரடி தள்ளி வைத்தார். "வாசம் பட்டாலே சளி எளகிரும். இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு இறங்கிப் போனார்.

நான் கூடையருகே உட்கார்ந்து காவல் காத்தேன். சீனி மறுபடியும் தும்மியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அத்தை வந்து கூடையைப் பார்த்து, சீனி அதில் இல்லையென்றால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்குச் சளி பிடித்தால் வீட்டில் துணியில் இரண்டு சொட்டு விட்டா நிறுத்துகிறார்கள்? நெஞ்சில் தேய்ப்பார்கள், முதுகில் தேய்ப்பார்கள், இரண்டு உள்ளங்காலிலும் சூடு பறக்கத் தேய்த்து, கம்பளியில் சுருட்டிப் போடுவார்கள். காலையில் சரியாகிவிடும். எங்கள் மலையில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித் தேறி வந்தவர்கள்தான். பெரியவர்கள் சீனி விஷயத்தில் கஞ்சத்தனம் செய்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

அலமாரியிலிருந்து பெரிய புட்டியை எடுத்தேன். குழித்த உள்ளங்கை நிறைய ஊற்றினேன். உடம்பு சரியில்லாததாலோ என்னவோ, அன்றைக்குச் சீனி என்னைக் கண்டு ஓடவில்லை. நெஞ்சில் தேய்த்தேன், முதுகில் தேய்த்தேன். பிறகு உள்ளங்கால். அதற்கு நான்கு இருந்ததால் மறுபடியும் கொஞ்சம் ஊற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் என் ஸ்வெட்டரில் சுருட்டிக் கூடையில் வைத்தேன். சிரத்தையாகத்தான் செய்தேன், இன்று நினைத்தாலும் அதில் குறை சொல்ல முடியாது.

சீனி ஸ்வெட்டரிலிருந்து உருவிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அங்கே உட்கார்ந்து உடம்பை நக்கத் தொடங்கியது. நெஞ்சு, முதுகு, ஒவ்வொரு காலாக. சுறுசுறுப்பு வந்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அந்தப் பூரிப்பு கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. சீனியின் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. எழுந்து நடக்கப் பார்த்தபோது பின்னங்கால்கள் இரண்டும் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் போயின. சுவரில் மோதி உட்கார்ந்தது. பிறகு படுத்துக்கொண்டு நடுங்கியது. கூப்பிட்டேன், காதுகூட அசையவில்லை.

கொட்டகை வரைக்கும் எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒற்றைக் காலில்தான் செருப்பு இருந்தது. "சீனிக்கு என்னமோ ஆயிருச்சு" என்று மட்டும் சொன்னேன். மாமா அடுப்பை வேலையாளிடம் விட்டுவிட்டு என்னோடு மேலே ஏறி வந்தார். சீனியைத் தூக்கினார். அதன் முதுகில் கையை வைத்தவர் அப்படியே ஒரு கணம் நின்றார். அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, அவர் ஒன்றுமே கேட்கவில்லை. சீனியைச் சாக்கில் சுற்றிக் கூடையில் வைத்து, "வா கண்ணு, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று இறங்கினார்.

பஸ்ஸில் கூடை என் மடியில் இருந்தது. சீனி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு நான் வேண்டிக்கொண்டே வந்தேன்: சீனி சாகக்கூடாது, நான் செய்தது யாருக்கும் தெரியக்கூடாது. இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாமா தோள் துண்டைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து என் கைகளைத் துடைத்துவிட்டபடி வந்தார். "டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ கூடையைப் பிடிச்சுக்க" என்றார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டியும் இரண்டு நாயும் இருந்தன. மாமா வரிசையைத் தாண்டி நேராக உள்ளே போய்விட்டார். அப்படியெல்லாம் முந்துகிற ஆளில்லை அவர். டாக்டரம்மா சின்ன வயது. கூடையைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்தாள்.

"தைலமா? யாருங்க போட்டது?"

"நானுங்க" என்றார் மாமா.

"எவ்வளவு போட்டீங்க? சரியாச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் நான் வைத்தியம் பண்ணணும்."

"உள்ளங்கை நெறைய இருக்குமுங்க. ஒரு கைக்கு மேலயே இருக்கும். நெஞ்சு, முதுகு, காலெல்லாம் தேச்சிருக்குதுங்க. நக்கியும் இருக்கும்."

நான் வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தேன். துணியில் இரண்டு சொட்டு விட்ட மனுஷன் இவர்.

டாக்டரம்மா அவரை ஒரு பிடி பிடித்தாள். வாசலில் நாயோடு நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. பூனையின் ஈரலுக்கு இந்த எண்ணெயைச் செரித்து வெளியே தள்ளுகிற சக்தி கிடையாது என்றாள். மேலே தேய்த்தால் நக்கி உள்ளே தள்ளிக்கொள்ளும், பக்கத்தில் வைத்தால் மூச்சில் போகும், ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றாள். "மனுசருக்கு நல்லதுன்னா பூனைக்கும் நல்லதுங்களா? வயசானவர்தானே நீங்க?" என்று கேட்டாள். மலையே தேடி வந்து வைத்தியம் கேட்கிற என் மாமா, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "தப்புத்தானுங்க" என்று தலைகுனிந்து நின்றார். நான் கூடையின் கைப்பிடியை விடவேயில்லை.

பாத்திரம் விளக்கும் சோப்பையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் வைத்துச் சீனியை மூன்று முறை கழுவினார்கள். துவட்டி, வெந்நீர்ப் பையோடு கம்பளியில் சுற்றி, முன்னங்காலில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். இவ்வளவு எண்ணெய் போயிருப்பதால் சாயங்காலம்வரை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள் டாக்டரம்மா. வேப்பமரம் மாதிரி வளர்ந்த ஒரு மனுஷனும் ஒற்றைச் செருப்போடு ஒரு குழந்தையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமா பன் வாங்கித் தந்தார். நான் அதைப் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குமேல் உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மெலிசாக, எரிச்சலாக, அத்தை சாப்பாடு வைக்கத் தாமதமானால் வருமே அதே சத்தம். எழுந்து ஓடினேன். சீனி கம்பளியிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தது. பார்த்ததும் மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. அப்பாடா என்று எனக்கு அழுகை பீறிட்டது. மாமா சுவரில் சாய்ந்து, கண்ணை முழுசாக மூடி, சாமியைக் கும்பிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

சொன்ன மூன்று நாள் முடிந்து அத்தை பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைக் கீழே வைப்பதற்குள், மாமா தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டார். எதிர்பார்த்த சண்டை வரவில்லை. அத்தை சீனியை மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வீட்டிலிருந்த தைலப் புட்டி எல்லாவற்றையும் பொறுக்கி விறகுக் கொட்டாயில் கொண்டுபோய் வைத்தாள். "இனி இது இந்த ஊட்டு நெலவாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாதுங்க" என்றாள். என்னை இழுத்து அணைத்து, "நல்லவேளை, நீ இருந்தே பாப்பா" என்றாள். நானும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு சீனி பல வருஷம் இருந்தது, குண்டாக, என்னை மன்னிக்காமல். சளி பிடித்தால் மாமா மழையில் விறகுக் கொட்டாய்க்குப் போய் நெஞ்சில் தேய்த்துக்கொண்டு வருவார். 'பூனைக்குத் தைலம் தேச்சவர்' என்று ஊரில் பேர் வந்துவிட்டது. நாக்கை நீட்டிக் காட்ட வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். எந்தக் கல்யாண வீட்டிலும் அத்தை அந்தக் கதையை எடுத்துவிடுவாள், எல்லோரும் சிரிப்பார்கள், மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். மாமா ஏதோ தடுமாறி இரண்டு சொட்டை ஒரு கை என்று உளறிவிட்டார், அந்த உளறல் சீனியின் நல்ல காலம், என்னுடைய நல்ல காலமும்கூட என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போன மாதம் என் மகளுக்குச் சளி. உள்ளங்கையில் தைலம் ஊற்றி அவள் முதுகில் தேய்த்துவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். வாசம் போகவில்லை. துண்டை நனைத்து விரலிடுக்கையெல்லாம் துடைத்தேன். அப்போதுதான் அந்தப் பஸ் ஞாபகம் வந்து, துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று டவுன் வரும்வரை மாமா என் உள்ளங்கைகளை விரித்து விரித்துத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, நகத்தோரம்கூட விடாமல். நடுநடுவே குனிந்து என் கையைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். மார்கழிக் குளிருக்குச் சூடு ஊதிவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, "எனக்குக் குளிரலைங்க மாமா" என்று நான் சொன்னேன்.

"குளிரும் கண்ணு, கையைக் காட்டு" என்றார்.