சர்வர் அக்காவின் ஐந்து நாள்

மருந்துக் கிடங்கில் எல்லோருக்கும் அவள் சர்வர் அக்கா. உறவுக்காரர்களில் பாதிப் பேர் அவளை ஏதோ ஓட்டலில் தட்டு வைக்கிற சர்வர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சித்தப்பா, "டிப்ஸெல்லாம் நல்லா வருதாம்மா?" என்று கேட்டே விட்டார். "பரவாயில்ல சித்தப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவள் பார்த்துக்கொள்வது சர்வர் என்கிற கணினிப் பெட்டியை; அதில் ஓடுகிற யூனிக்ஸ் என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடிப்பது? விளக்கம் சொல்லும் தெம்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. யோசித்தால் சித்தப்பா சொன்னதிலும் பெரிய தப்பில்லை. கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பதுதான் அந்தப் பெட்டிக்கும் வேலை, அவளுக்கும் வேலை.

பெட்டி இருந்தது கிடங்கின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத ஓர் அறையில். எந்நேரமும் ஏசி ஓடும். லாரியில் ஏற்ற வேண்டிய மருந்துப் பட்டியலைத் தயாரிக்கும் பழைய புரோகிராம் அதில் இருந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் என்றோ கடையைக் கட்டிவிட்டார்கள். அந்தப் புரோகிராம் சர்வரின் திரையில் மட்டும்தான் திறக்கும், வேறெங்கும் முகம் காட்டாது. ஒரு நாளைக்கு ஆறு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நாலு க்ளிக். அதற்காக இரண்டு பஸ் மாறி, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, பதினேழு வருஷமாக வந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் அவளுக்கு அண்ணன் மட்டும்தான். ஐம்பத்தாறு வயது, பஸ் டிரைவராக இருந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பகலில் எதிர்வீட்டு டீச்சரம்மா நாலு முறை எட்டிப் பார்ப்பார், சாப்பாடு எடுத்து வைப்பார், பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவார். இந்த மாதக் கடைசியில் அவர் வெளியூரில் இருக்கும் தன் மகளோடு இருக்கப் போகிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒரு வருஷம் செய்ததே பெரிய விஷயம். ஆனால் அதன் பிறகு பகலில் அண்ணனைப் பார்க்க ஆள் இல்லை.

மேலாளரிடம் போய் நின்றாள். "சர்வரோட திரையை வீட்லேருந்தே பாக்கற மாதிரி வச்சுக்கலாம் சார். வேலை ஒண்ணும் நிக்காது."

அவர் பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே யோசித்தார். "சரிம்மா. அடுத்த வாரம் அஞ்சு நாள் செஞ்சு காட்டுங்க. இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது, ஒரு லாரியும் நிக்கக் கூடாது. நடந்தா அனுமதி. நடுவுல எதாவது தடங்கல் வந்துச்சு, அந்தப் பேச்சையே எடுக்காதீங்க."

கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழைவது அவளுக்குப் பழகிய காரியம்தான். திரையையே வீட்டுக்கு இழுத்து வருவதுதான் புதுசு. அதற்கான மென்பொருளை ஏற்றினாள், கடவுச்சொல் வைத்தாள், வெளியாள் எட்டிப் பார்க்காதபடி காப்பு போட்டாள். சனிக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. சாயங்காலம் இணைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் வெறும் திரை, நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு சுட்டி. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையும் அதோடு மல்லுக்கட்டி, மத்தியானம்தான் பிடிபட்டது. திரையைத் தொடங்கி வைக்கிற சின்னக் கோப்பு ஒன்றுக்கு, ஓடுவதற்கான அனுமதியை அவள் கொடுக்கவே இல்லை. "நீயும் அனுமதிக்குத்தான் காத்துக்கிட்டிருக்கியா?" என்று திட்டிக்கொண்டே கொடுத்தாள். திரை வந்தது.

அண்ணனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து காட்டினாள்.

"அந்தக் குளிர் ரூம்ல இருக்கறதா இது?"

"அதேதான்ணா."

"ஸ்வெட்டர் இல்லாம பாக்கறே! கேஸ் போட்றப் போறாங்க" என்று சிரித்தார்.

திங்கள் முதல் பட்டியல்கள் தடையில்லாமல் போயின. அவளுக்குத்தான் நாக்கு தள்ளியது. கிடங்கில் இருந்தால் கிடங்கு வேலை மட்டும். இங்கே ஒரு பட்டியலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அண்ணனைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, கஞ்சி ஆற்றி, கால் நீவிவிட்டு ஓடி வர வேண்டும். இருந்தாலும் புதன்கிழமை அண்ணன் தானாகக் கேட்டுச் சவரம் செய்துகொண்டார். அதைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை உட்கார்ந்து அனுபவிக்கத்தான் நேரமில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கடைசிப் பட்டியலும் போனது. முடிந்தது. கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது. கணினியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் தரையில் நீட்டிப் படுக்கலாம் என்று, நிறுத்து என்பதை அமுக்கினாள். நிச்சயமாகவா என்று அது கேட்டது. இந்த நிலைமையில் இருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆம் என்று அமுக்கினாள்.

திரை இருண்டது. அடுத்த நொடி அந்த இருட்டு விலகி, பின்னாலிருந்து அவளுடைய சொந்தக் கணினி பளிச்சென்று எட்டிப் பார்த்தது. அது அணையவில்லை. எழுத்து சின்னதாகத் தெரிகிறதென்று சர்வரின் திரையை முழு அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தாள், எது எதுவென்று அடையாளமே இல்லாமல். அவள் அணைத்தது சர்வரை.

தூர இருந்து அணைத்துவிடலாம். அணைந்ததை எழுப்ப அங்கேயே ஒரு விரல் வேண்டும். கடைக்காரர்களின் ஆர்டர் எட்டு மணி வரை அந்தச் சர்வருக்குத்தான் வரும். ஒரு கடைக்காரர் மேலாளருக்குப் போன் போட்டால் கதை முடிந்தது. கிடங்கு வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பின்னாடி ரூம் சாவி இருக்கா?"

"இருக்கும்மா. என்ன, குரலே சரியில்ல?"

"உள்ள ஒரு கறுப்புப் பெட்டி, முன்னாடி வட்டமா பொத்தான். அதை அமுக்குங்க."

"எத்தனை தடவை?"

"ஒரே தடவை. கும்பிட்டுக் கேக்கறேன், ரெண்டாவது தடவை அமுக்கிடாதீங்க."

நடக்கிற சத்தம், பூட்டுச் சத்தம், ஒரு தும்மல். "பச்சை லைட்டு வந்துருச்சும்மா. எதுவோ ஓன்னு கத்துது."

"கத்தட்டும்ணே."

ஒன்பது நிமிஷத்தில் எல்லாம் பழையபடி. யாரும் கவனிக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

ஆறு மணிக்கு மேலாளரே கூப்பிட்டார். "பிரமாதம்மா! தலைமை ஆபீஸுக்கும் சொன்னேன். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உங்க வீட்லேருந்து முடியும்னா எங்கேருந்தும் முடியும்தானே? கம்பெனியோட மூணு கிடங்கையும் இனி அங்கேயே ஒரே ஆள் பாத்துக்குவாராம். திங்கக்கிழமை கடவுச்சொல்லை அனுப்பிடுங்க."

"நான், சார்?"

"உங்களுக்கு வேற எதாவது பாப்போம்மா."

பதினேழு வருஷத்தில் அந்தப் 'பார்ப்போம்' எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் கண் மூடாத குறையாக உட்கார்ந்து, தன் வேலைக்கே வெளியே போகும் வழியைத் தானே வெட்டிக் கொடுத்திருக்கிறாள். இனி வாயைத் திறக்காவிட்டால் வேலை போகும். திறந்தால் வீட்டிலிருந்து பார்க்கும் பேச்சு போகும். எதை விடுவது என்று யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

"சார், இன்னிக்கு சர்வர் ஒன்பது நிமிஷம் அணைஞ்சு கெடந்துச்சு. நான்தான் தவறி அணைச்சேன். வாட்ச்மேன் போய் பொத்தானை அமுக்கினாரு. கிட்ட ஆள் இல்லேன்னா திங்கக்கிழமை காலை வரைக்கும் அப்படியேதான் கெடந்திருக்கும்."

மேலாளரின் சுருதி இறங்கியது. "இதை மொதல்லயே சொல்ல வேணாமா?" என்றார். "தலைமை ஆபீஸ்ல நான் பேசிக்கறேன். பெட்டிக்குப் பக்கத்துல ஆள் இருக்கணும்தான். திங்கக்கிழமையிலேருந்து நீங்க வழக்கம்போல வந்துடுங்க."

"சரிங்க சார்" என்றாள். வேலை தப்பித்தது. டீச்சரம்மா போக இன்னும் பதினோரு நாள் இருந்தது.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "வேலை முடிஞ்சுதா பாப்பா?"

"முடிஞ்சுதுண்ணா."

"நாளைக்கும் வீட்லதானே இருப்பே?"

"இருப்பேன்" என்றாள். நாளைக்குச் சனிக்கிழமை. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.