மயில் தலையும் இரண்டு வயர்களும்

சிவகாசிக்குப் பக்கத்தில், நாரணாபுரம் ரோட்டில் இருக்கும் ஓர் அச்சகத்துக்கு, பட்டாசுப் பெட்டி லேபிள் வெட்டும் மிஷினுக்கான கன்ட்ரோல் போர்டு செய்து கொடுத்திருந்தேன். தாள் ஓரத்துக் கறுப்புக் கோட்டைச் சென்சார் கண்டதும் கத்தி இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலாளி அண்ணாச்சி ஒருநாள் கூப்பிட்டார். போனால், மேஜை முழுக்க லேபிள்கள். சிலவற்றில் மயிலுக்குத் தலை இல்லை. அது முந்தைய லேபிளின் அடியில், இன்னொரு மயிலின் காலருகே கிடந்தது.

“தம்பி, சீசன் ஆர்டர். மயிலைத் தலையோட குடுங்க” என்றார்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். கத்தி எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதை என் புரோகிராமே அளந்து எழுதி வைத்திருந்தது. ஒரு தாமதமும் இல்லை. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த எண்களைப் பார்த்தார், பிறகு மயிலைப் பார்த்தார்.

மிஷின் ஓட்டும் அக்காதான் சொன்னார்: “அந்த எழுத்து ஊர்ந்து போகையில கத்தி பிந்துது தம்பி. சத்தத்துலயே தெரியுது.”

எழுத்து என்பது அச்சகத்தின் பெயர். அண்ணாச்சி ஆசைப்பட்டாரென்று மிஷின் திரையில் நான்தான் ஓடவிட்டிருந்தேன். அதற்கும் கத்திக்கும் சம்பந்தமே இல்லை என்று அக்காவுக்கு நீளமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

மறுநாள், மின் சிக்னலைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை மதுரை நண்பனிடம் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு வயரைச் சென்சாரிலும் இன்னொன்றைக் கத்திக்குப் போகும் சிக்னலிலும் மாட்டினேன். அதன் திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன. அவற்றின் இடைவெளிதான் உண்மையான தாமதம். பெயர் ஊரத் தொடங்கியதும் இரண்டாவது கோடு தள்ளிப்போய் நின்றது.

கறுப்புக் கோட்டைக் கவனித்த பிறகுதான் என் புரோகிராம் நேரத்தை எண்ணவே தொடங்கியிருக்கிறது. எழுத்து வரைவதில் மூழ்கிக் கவனிக்காமல் இருந்த நேரம் அதன் கணக்கிலேயே இல்லை. தனக்குத் தானே நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறது.

அக்காவிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன்.

“சரி தம்பி, ஓட்டட்டுமா?” என்றார்.

பெயரை எடுக்க அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. கத்திக்கு முதலிடம், பெயர் காத்திருக்கட்டும் என்று மாற்றி எழுதினேன். மத்தியானம் முழுக்க அளந்தேன்; கோடுகள் விலகவேயில்லை. மயில்கள் தலையோடு வந்தன. பெயர்தான் கொஞ்சம் திக்கித் திக்கி ஓடியது. அண்ணாச்சிக்கு அதில் வருத்தம்.

ஆனாலும் கோடுகளை வெகுநேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே இருந்த மேனேஜரை இரண்டு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“தம்பி, இந்த வயரை ஆள் மேல மாட்ட முடியுமா?”