சத்தமில்லாத காயம்

மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பெட்டி என்ற பெண் பத்தொன்பது வருடமாக நர்ஸ். அடிதடிக் கேஸ் அவளுக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்த மத்தியானம் அவளை ஆட்டிவிட்டது.

கட்டடம் கட்டும் இடத்தில் கௌதள்ளி கிராமத்துக்காரர்கள் இருவர் கடப்பாரையால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். இருவரையும் ஒரே ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். ஜடையனுக்கு மண்டை பிளந்து, முகம் முழுக்க ரத்தம். நின்றபடியே கத்திக்கொண்டிருந்தான். அவனிடம் நெஞ்சில் அடி வாங்கிய சென்னப்பன் மீது ஒரு சொட்டு ரத்தமில்லை. ஸ்ட்ரெச்சரில் சத்தமே இல்லாமல் கிடந்தான்.

பெட்டி ஜடையனின் தலையில் பஞ்சை வைத்து, "கையால அழுத்திப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, சென்னப்பனிடம் ஓடினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. நெஞ்சின் வலப்பக்கம் அசையவில்லை.

"பிரசாந்த் சார், ஓடி வாங்க! மூச்சுக்குழாய் இடப்பக்கம் தள்ளிடுச்சு. எக்ஸ்ரேவுக்கு அனுப்பினா வழியிலேயே போயிடுவார்."

டியூட்டி டாக்டர் பிரசாந்த் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "வலது பக்கம் சத்தமே இல்ல. காத்து உள்ளே அடைச்சு இதயத்த நசுக்குது. பெரிய ஊசி கொடுங்க, சிஸ்டர்!"

"என்ற தலை பொளந்து ஊத்துது, அந்த நாய்க்கா மொதல்ல வைத்தியம்?"

ஜடையன் டிரிப் ஸ்டாண்டைப் பிடுங்கி வீசினான். கண்ணாடி அலமாரி நொறுங்கியது. அடுத்த வீச்சு சென்னப்பனை நோக்கி வந்தது. பெட்டி இடது கையைக் குறுக்கே நீட்டினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வலது கையில் இருந்த ஊசியை மட்டும் விடவில்லை. டாக்டரிடம் நீட்டினாள்.

விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி இறங்கியதும் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. சென்னப்பன் பெரிதாக ஒரு மூச்சை இழுத்தான். காவலாளிகள் ஜடையனைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே பெட்டி சொன்னாள்: "அவனுக்கும் தையல் போடணும் சார். ரத்தம் நிறையப் போகுது."

இருவரும் பிழைத்தார்கள். ஒரு வாரம் கழித்து ஜடையனின் மனைவி மல்லம்மா, பெட்டி அவன்மேல் கொடுத்திருந்த போலீஸ் புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிக் கண்ணீரோடு வந்தாள்.

"அவர் உயிரக் காப்பாத்தினது என் வேலைங்க" என்றாள் பெட்டி. "அடிய மறக்கறது என் வேலை இல்ல."

மூன்று மாதம் கழித்து அதே பிரிவில் வேலைக்குத் திரும்பினாள். மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்குவதில்லை. யாராவது குரலை உயர்த்தினால் நெஞ்சு படபடக்கிறது. அப்போதும் அவள் கண் முதலில் தேடுவது, கத்தாமல் கிடப்பவர் யார் என்றுதான்.